மலையேறும் கதவுகள்

போளூரை விட்டு அத்திமூர் தாண்டியதும் பேருந்தின் வேகம் குறைந்தது. முன்னால் ஒரு சிறு லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. சிமெண்ட் மூட்டைகள், முறுக்குக் கம்பி, ஒரு தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டு இறுக்கிய கதவுகள். மர நிறம் பூசிய பி.வி.சி. கதவுகள்; கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவை மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன. எதிரே இறங்கிய வண்டிகளில் புளி மூட்டையும் பலாப்பழமும். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பெரும்பாலும் நிறுத்திப் பார்ப்பது இறங்கும் வண்டிகளைத்தான். இந்த மலையில் மரத்துக்கு அத்தனை மதிப்பு. அப்படிப்பட்ட மலைக்குக் கதவு மட்டும் ஏன் கீழிருந்து போகிறது என்ற கேள்வி ஜமுனாமரத்தூர் வரை என்னோடு வந்தது.

பேருந்தில் பாதிப் பேர் பீமன் அருவிக்கும் கோமுட்டேரிப் படகுத் துறைக்கும் போகிறவர்கள். நான் போனது ஒரு தச்சுப் பட்டறைக்கு. பரம்பரைத் தச்சர் குடும்பத்தில் பிறக்காத ஓர் இளைஞன், கையில் காசும் இல்லாமல், இன்று இந்தத் தொழிலுக்குள் எந்த வழியாக நுழைகிறான் என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதைச் சென்னையிலோ கோவையிலோ பார்த்திருக்கலாம். ஜவ்வாது மலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று சொல்லி ஆந்திர அதிரடிப் படை சுட்டது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த கூலிகள் அவர்கள். இந்த மலையையும் இதன் அடிவாரத்தையும் சேர்ந்த குடும்பங்களிலும் அன்று இழவு விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் இங்கிருந்து போய் ஆந்திரச் சிறைகளில் கிடந்தவர்கள் ஏராளம். ஏன் இந்த மலையின் ஆட்களைத் தேடித் தரகர்கள் வந்தார்கள்? மரத்தைக் கையாளத் தெரிந்த கை இங்கே இருந்தது. வேறு வேலை இல்லை. அவ்வளவுதான். சந்தனக் காடுகளுக்குப் பேர்போன மலை இது. இங்கே வெட்டிய சந்தனம் திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போய் ஏலத்தில் விலை போன காலமும், களவில் போன காலமும் உண்டு. எந்த மரம் எப்படி விழும், எங்கே வைரம் பாய்ந்திருக்கும் என்பது இங்கே பலருக்குப் பழக்கத்தில் வந்த அறிவு.

அந்தச் செம்மரம் போய்ச் சேரும் இடத்தையும் சொல்ல வேண்டும். சீனத்தில் அரச குடும்பத்து நாற்காலிகளும் பேழைகளும் செய்யப்பட்டது இந்த மரத்தில். பெய்ஜிங்கில் செம்மரப் பொருட்களுக்கென்றே 1999-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே ஆணி இல்லாமல் பொருத்திய மூட்டுகளை உலகம் வந்து பார்க்கிறது. ஒரே மரம்; ஒரு முனையில் வெட்டியவன் காட்டில் கிடந்தான், மறுமுனையில் இழைத்தவனின் வேலை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மரத்தைத் தொடும் இந்த இரண்டு கைகளுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் குறைக்க முடியுமா என்பதுதான் என்னை இங்கே கொண்டுவந்த கேள்வி.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவின் கடைசியில், தகரக் கொட்டகையில் இருக்கிறது பட்டறை. உரிமையாளர் அடிவாரத்து ஊர்க்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர். அப்பா, தாத்தா எல்லாரும் ஆசாரிமார். அவர் பையன் டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். பட்டறையில் அவருக்குக் கையாளாக இருப்பது மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞன், பத்தொன்பது வயது.

“எங்கப்பா எனக்கு உளி குடுத்தாரு. நான் எம் புள்ளைக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன். அவன் வாங்கிக்கல. தப்பில்ல சார், அவன் இஷ்டம். இவன் வந்து கேட்டான். குடுத்துட்டேன்” என்றார் ஆசாரி.

எவ்வளவு பெரிய மாற்றத்தை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டார்! தச்சு வேலை நம்மூரில் பிறப்பால் வந்த தொழில். மகனுக்கோ மருமகனுக்கோ தவிர வெளியாளுக்குக் கற்றுத்தந்த பட்டறைகள் அபூர்வம். இப்போது ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், அதுதான் நியாயம். அப்படிக் காலியாகும் இடத்தில் வேறு வீட்டுப் பிள்ளைகள் வந்து நிற்க முடிகிறது. தமிழ்நாட்டுத் தச்சுத் தொழிலில் இன்று நடக்கும் மிக முக்கியமான காரியம் இது என்று நினைக்கிறேன்.

இளைஞன் பட்டறைக்கு வந்து ஓராண்டு முடிந்திருந்தது. அதற்கு முன் குடகில் காப்பித் தோட்டத்தில் மிளகு பறித்தவன். அவன் அண்ணனும் சித்தப்பாவும் இன்னும் அங்கேதான். “தோட்டத்துல நாள் கூலி உடனே கைக்கு வரும்ணே. இங்க மொத வருஷம் அதுல பாதிதான். வீட்ல ஏசுனாங்க” என்றான். பிறகு சற்று நிதானித்து, “ஆனா மொளகு பறிக்கறவன் பத்து வருஷம் பறிச்சாலும் மொளகுதான பறிப்பான்” என்றான்.

முதல் மூன்று மாதம் அவன் செய்தது சாணை பிடிப்பது மட்டும். ஆசாரி அதில் கறார். அவன் இழைப்புளியின் தகட்டைக் கழற்றிக் காட்டினான். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து, தகட்டின் சரிந்த முகம் கல்லில் முழுசாகப் படியும்வரை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துக்கொண்டான். அந்தச் சரிவு சுமார் 25 பாகை. அது படிந்த பிறகு பின்பக்கத்தைச் சற்றே, இன்னும் ஐந்து பாகை, உயர்த்தினான். வெட்டும் விளிம்பு மட்டும் கல்லைத் தொடுகிறது. இழுப்பும் தள்ளலும் ஒரே சீர். கல்லின் மேல் சாம்பல் நிறச் சேறு திரண்டது. அவ்வப்போது நிறுத்தி, தகட்டின் மறுபக்கத்தில் கட்டைவிரலைக் குறுக்காக வைத்துத் தடவினான். விளிம்பு முழுக்க மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். ஓரிடத்தில் தட்டுப்படாவிட்டாலும் அங்கே கூர் ஏறவில்லை என்று பொருள். பிசிறு ஏறியதும் தகட்டைத் திருப்பி, அந்தப் பக்கத்தைத் தட்டையாகக் கல்லில் படுக்க வைத்து நாலு இழுப்பு. பிசிறு உதிர்ந்தது. தகட்டைப் பொருத்தி ஒரு வேப்பஞ்சட்டத்தில் ஓட்டினான். சட்டத்தின் முழு நீளத்துக்கும் அறாமல் ஒரே சுருளாக வந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஆசாரி ஒன்றும் சொல்லாமல் கீழே போட்டார். சரியாக இருந்தால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டாராம்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மின் கருவியிலிருந்து ஆரம்பிக்கப் பார்க்கிறார்கள். நகரத்தில் பிளைவுட் அறுத்து மைக்கா ஒட்டும் வேலைக்கு அது போதும். மாடுலர் கிச்சன் வேலையில் நல்ல காசும் இருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிளைவுட்டுக்கு ரேகை பார்க்க வேண்டாம், ஈரம் பார்க்க வேண்டாம். மரம் அப்படி இல்லை. ரேகை ஏறும் திசையில் இழைத்தால் வழுவழுப்பு. எதிர்த்திசையில் இழைத்தால் சிம்பு கிளம்பும். ஈரம் உலராத மரத்தில் செய்த நிலை கோடையில் சுருங்கி, மூட்டு விலகி நிற்கும். ஈரம் பன்னிரண்டு சதவீத அளவுக்கு இறங்கிய பிறகே கதவு, நிலை வேலைக்கு மரத்தைத் தொட வேண்டும் என்பது பாடம். மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள் நுழையும் இந்த மலையில் அந்தப் பாடத்தை யாரும் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை; உப்பிப்போய்ச் சாத்த முடியாத கதவு ஊருக்கு நாலு இருக்கும்.

அன்றைய வேலை வீட்டு நிலை. தொகுப்பு வீடு கட்டிக்கொண்ட நாலு குடும்பங்கள் பேசிவைத்துக்கொண்டு மர நிலை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதற்கு மாதிரியாக ஒரு நிலைக்குப் பொளித் துளை எடுத்துக்கொண்டிருந்தான். சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு பொளியின் அகலம். மீதி இரண்டு பங்கு இரண்டு பக்கச் சுவர். இந்தக் கணக்கு தவறினால் சுவர் பிளக்கும், அல்லது பொளியில் நுழையும் கழுந்து ஒடியும். இரண்டு முகத்திலும் கோடு போட்டு, ஒரு பக்கம் பாதி ஆழம் வந்ததும் சட்டத்தைப் புரட்டி மறுபக்கத்திலிருந்து வந்தான். கொட்டாப்புளியின் அடி ஒவ்வொன்றுக்கும் உளி ஒரே அளவு இறங்கியது. நடுவில் இரண்டு துளையும் சந்தித்தபோது ஒரு நூல் பிசகு இருந்தது. நம் தச்சர்களுக்கு எட்டு நூல் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம். ஒரு நூல் என்பது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. ஆசாரி கண்ணுக்குத் தெரிந்தது. “அந்த ஓரத்தச் சீவு. கழுந்த அடிச்சு ஏத்தக் கூடாது, கையால தள்ளினா பாதி போவணும், மீதிக்குத் தட்டணும்.” சீவினான். தள்ளினான். பாதி போயிற்று.

பிறகு கணக்கு. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலம், ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டம். “ஒரு நிலைக்கு எவ்வளவு மரம்?” என்று ஆசாரி கேட்க, இளைஞன் சுவரிலேயே கரியால் எழுதினான். நாலு பக்கமும் சேர்த்து இருபத்தொரு அடி. அதை ஐந்தாலும் மூன்றாலும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் இரண்டே கால் கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு இவனை விரட்டியது என்று தெரியவில்லை. அந்தக் கணக்கு ஒருநாளாவது ஒரு சட்டத்தோடு வகுப்புக்கு வந்திருந்தால் இவன் தங்கியிருப்பான் என்றே எனக்குத் தோன்றியது.

படிப்பு வழியாக வருவதற்கும் பாதை இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் தச்சர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். அரசு நிலையங்களில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பேருந்து அட்டை எல்லாம் உண்டு. ஜமுனாமரத்தூரிலேயே பழங்குடியினருக்கான அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. எந்த நிலையத்தில் எந்தப் பிரிவு நடக்கிறது என்பதைச் சேர்க்கையின்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படித்த சான்றிதழுக்கு ரயில்வேயிலும் பொதுத்துறையிலும் மதிப்பு. பட்டறை அனுபவத்துக்குக் கட்டடத்தில் மதிப்பு. இரண்டும் உள்ளவன் மரவேலையின் வேறு கிளைகளுக்கும் தாவலாம். கோவை வார்ப்படச் சாலைகளுக்கு அச்சு செய்யும் பேட்டர்ன் வேலை அப்படிப்பட்ட கிளை. மில்லிமீட்டருக்குள் கை நிற்க வேண்டிய வேலை அது. செதுக்கு வேலையில் ருசி கண்டவனுக்கு மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே மரச்சிற்பம் தனிப் பாடம்.

பணம் என்று வரும்போதுதான் பாதை குறுகுகிறது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது. பதினெட்டுத் தொழில்களில் தச்சும் ஒன்று. 18 வயது ஆனால் சேரலாம், கருவி வாங்க 15,000 ரூபாய். தகப்பன் தொழிலையே பிள்ளை செய்ய வைக்கும் திட்டம் இது என்று சொல்லித் தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. பதிலுக்கு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது: 25 தொழில்கள், மூன்று லட்சம் வரை கடன், அதில் கால் பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வயது மட்டும் 35 ஆகியிருக்க வேண்டும்.

பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கல்லூரி வாசலிலிருந்து திருப்பி அப்பாவின் பட்டறைக்கு அனுப்பக் கூடாது என்ற கவலை சரியானது. நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் என் எதிரே நின்றவன் அப்பா தொழிலைச் செய்ய வந்தவன் இல்லை. அவன் வீட்டில் இதற்கு முன் உளி பிடித்தவர் யாரும் இல்லை. அவனுக்கு இது புதிதாகத் திறந்த வாசல். அவனுக்கு உதவி தேவைப்படும் வயது பத்தொன்பது. முப்பத்தைந்தில் அவனே நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பான், அல்லது குடகுக்குத் திரும்பிப் போயிருப்பான். முதல் ஆண்டின் பாதிக் கூலியை யார் ஈடுகட்டுவது என்பதுதான் இங்கே முழுப் பிரச்சினையும். கற்றுக்கொடுக்கும் ஆசாரிக்கும் ஏதாவது தர வேண்டும். ஓராண்டு அவர் கெடவிட்ட மரமும் இழந்த நேரமும் இவன் கையில் தொழிலாக ஏறியிருக்கின்றன. அதற்கு இந்த இரண்டு திட்டங்களிலும் தலைப்பு இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் தச்சரும் பதிவு செய்துகொள்ளலாம். இவனைப் பதிவு செய்யச் சொல்லி ஆசாரி பல முறை சொல்லிவிட்டாராம், அலைய நாள் கிடைக்கவில்லை.

அடுத்தது மரம். மலையில் மரத்துக்கு என்ன பஞ்சம் என்று கேட்டால் ஆசாரி கையை விரித்தார். காட்டு மரத்தைத் தொட முடியாது, தொடவும் கூடாது. பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தனத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், மூங்கில், அடிக்கட்டை போன்ற சிறு வன மகசூலில் பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. வெட்டுமரம் அதில் சேராது. ஆக, பட்டறைக்கு வருவது பட்டா நிலத்துப் பலா, மா, வேம்பு, இல்லாவிட்டால் வாணியம்பாடி, போளூர் டிப்போக்களில் விலைக்கு வாங்கிய மரம். பலாவை அவர் கொண்டாடினார். மஞ்சள் வைரம், செல் அரிக்காது, வீணையும் மிருதங்கமும் அதில்தான். காய்ப்பு நின்ற கிழட்டுப் பலாக்களை ஊர்க்காரர்கள் விறகு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று சொல்லும்போது அவர் முகம் வாடியது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் வரைபடத்தை ஒருமுறை மனதுக்குள் விரித்துப் பார்க்கலாம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் பக்கத்தில் தம்மம்பட்டி. பச்சைமலையின் இன்னொரு அடிவாரத்தில் அரும்பாவூர். கல்வராயன் மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சி. மூன்றும் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர்கள். தேருக்கும் கோயிலுக்கும் வாகனமும் சிற்பமும் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறவர்கள். மலை மரம் கொடுத்தது, அடிவாரத்தில் கை பழகியது. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அப்படி ஓர் ஊர் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் சேஷாசலத்துக்குப் போன ஆட்களில் சிலராவது அங்கே வேலைக்குப் போயிருப்பார்கள் என்ற நினைப்பை என்னால் தள்ள முடியவில்லை.

ஜெர்மனியில் தச்சர்களுக்கு ஒரு பழைய வழக்கம் இன்றும் இருக்கிறது. பயிற்சி முடித்த இளைஞன் கறுப்பு உடை அணிந்து, கருவி மூட்டையோடு ஊரைவிட்டுக் கிளம்புவான். மூன்று ஆண்டும் ஒரு நாளும் ஊர் ஊராக வேறு வேறு மேஸ்திரிகளிடம் வேலை செய்ய வேண்டும். அதுவரை சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் வரக் கூடாது. ஊர் மாறினால் கை மாறும், ஒவ்வொரு மேஸ்திரியிடமும் ஒரு வித்தை கிடைக்கும் என்பது அதன் கணக்கு. இதை நான் சொன்னபோது இளைஞன் ஆர்வமாகக் கேட்டான். அவனும் கிளம்பப் போகிறவன்தான். ஆசாரியே ஒரு வருஷம் பெங்களூருக்குப் போய் ரூட்டர், பிளைவுட் வேலை பழகிவரச் சொல்லியிருக்கிறார். “ரெண்டும் தெரியணும்ணே. இங்க நெலையும் கதவும் மட்டும் செஞ்சா வருஷத்துல பாதி நாள் சும்மா ஒக்காரணும்” என்றான். மலையை விட்டுப் போவது இங்கே யாருக்கும் புதிதில்லை. தொழில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போவதும், திரும்பி வர ஒரு பட்டறை இருப்பதும்தான் புதிது.

அவன் தங்கை அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். வந்தவள் உப்புத்தாளை எடுத்து முடிந்த சட்டத்தைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். தேய்ப்பும் பாலிஷும் பெண்கள் கையில் எப்போதும் இருந்தவைதான். ரேகையோடு தேய்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவைத்திருந்தாள். உளி பிடிப்பாயா என்று கேட்டேன். அண்ணனைப் பார்த்தாள். “கேட்டா குடுப்பேன்” என்றார் ஆசாரி.

திரும்பும்போது காவலூர் வழியாக இறங்கினேன். வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் குவிமாடம் மரங்களுக்கு மேல் தெரிந்தது. ஆலங்காயம் கடந்து வாணியம்பாடி சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஆசாரி ஒரு வேலை கொடுத்திருந்தார்: டிப்போவில் உலர்ந்த வேம்பு என்ன விலை, கையிருப்பு எவ்வளவு என்று கேட்டுச் சொல்ல வேண்டும். அடுக்குகளுக்கு நடுவே நின்று போன் செய்தேன். எடுத்தது இளைஞன். விலையைச் சொன்னேன்.

“ஈரம் பாத்தீங்களாண்ணே? வெட்டு முகத்துல வெடிப்பு இருக்குதா? நடுவுல இருக்கற சட்டத்தத் தூக்கிப் பாருங்க, கனமா இருந்தா வேணாம்.”

தூக்கிப் பார்த்தேன். லேசாகத்தான் இருந்தது. சொன்னேன். மறுமுனையில் சுவரில் கரி உரசும் சத்தம்.

“நாலு நெலைக்கு எட்டே முக்கால் வருது. சேதாரத்துக்குச் சேத்து ஒம்போதரை கன அடி போடச் சொல்லுங்கண்ணே. பில்லு ஆசாரி பேர்ல வேணும், இல்லன்னா செக்போஸ்ட்ல நிறுத்துவாங்க. காலைல பஸ்ஸுக்கு நானே வந்து எடுத்துக்கறேன்.”